வாயோடு நின்றுவிடும் துல்லியம்

இன்ஹேலரில் ஒரு சென்சாரைப் பொருத்திவிட்டால் மருந்தளவுச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே வலுத்து வருகிறது. எந்த நேரத்தில் அழுத்தினோம், எத்தனை முறை அழுத்தினோம் என்பது செல்பேசிச் செயலிக்குப் போய்விடும், மருத்துவர் அதைப் பார்த்துச் சரிசெய்வார், அளவு துல்லியமாகிவிடும் என்கிறார்கள். துல்லியத்தைத் தவறான இடத்தில் தேடும் வாதம் இது.

மறதிக்கு இக்கருவிகள் நல்ல மருந்து. நியூசிலாந்தில் ஆஸ்துமா உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியெழுப்பி நினைவூட்டும் கருவி வைத்திருந்தவர்கள் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தில் 84 சதவீதத்தை எடுத்திருந்தார்கள். நினைவூட்டல் இல்லாதவர்கள் எடுத்தது 30 சதவீதம்தான். குப்பியில் எத்தனை பஃப் மிச்சம் என்று காட்டும் எண்ணியும் பெரிய உதவி. அது இல்லாத காலத்தில் காலிக் குப்பியை மருந்தென்று நம்பி அழுத்திக்கொண்டிருந்தவர்கள் பலர். இதற்கெல்லாம் நன்றி சொல்லலாம். ஆனால் வேளை தவறாமல் எடுப்பது வேறு, எடுத்தது போய்ச் சேருவது வேறு.

இன்ஹேலர் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை எத்தனை பேர் கூர்ந்து பார்க்கிறோம்? நம்மூரில் சால்பியூட்டமால் குப்பியில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம் என்று இருக்கும். அதே மருந்து அமெரிக்காவில் 90 மைக்ரோகிராம் என்று விற்கிறது. மருந்தில் வேறுபாடு இல்லை, அளக்கும் இடத்தில்தான். 100 என்பது குப்பியின் அடைப்பிதழ் அளந்து விடுவது. அதில் கொஞ்சம் பிளாஸ்டிக் உறையிலேயே ஒட்டிக்கொள்ள, வாய்ப்பகுதியைத் தாண்டி வெளிவருவது 90. நுரையீரலுக்குள் எவ்வளவு போனது என்பதை இரண்டு எண்ணுமே சொல்வதில்லை. சாதாரண அழுத்தக் குப்பியை மட்டும் பயன்படுத்தினால் உள்ளே சேருவது பெரும்பாலும் பத்திலிருந்து இருபது சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குள் போகிறது.

ஆலையில் நடக்கும் சோதனை மிகக் கடுமையானது, அதைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பஃப்பிலும் வெளிவரும் மருந்து குறித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் அடுக்குக் கருவிக்குள் அதைச் செலுத்தி, ஐந்து மைக்ரானுக்குக் குறைவானவை எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அங்கே மூச்சை இழுப்பது ஒரு பம்ப். அழுத்தக் குப்பிக்கான வழக்கமான சோதனையில் அது நிமிடத்துக்கு 28.3 லிட்டர் என்ற ஒரே வேகத்தில் இழுக்கும். அதன் தொண்டை, செங்கோணத்தில் வளைந்த ஓர் உலோகக் குழாய். அந்தத் தொண்டைக்கு இருமல் வராது, வீக்கம் இருக்காது, நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது வரும் பதற்றமும் இருக்காது. மனிதத் தொண்டையைப் போலவே வார்த்த மாதிரிகளும், மனித மூச்சைப் போல ஏறி இறங்கும் பம்புகளும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. ஆனாலும் அன்றாடத் தரச்சோதனை இன்னும் அந்த உலோகக் குழாயை நம்பியே நடக்கிறது. அங்கே கிடைக்கும் துல்லியத்தைத்தான் நோயாளிக்குக் கிடைத்த துல்லியமாக எல்லோரும் பேசுகிறார்கள். இந்தத் துறையின் மீது எனக்கு நெடுநாளாக இருக்கும் குறை இதுதான்.

மருந்தளவைக் கடைசியில் முடிவு செய்வது மூச்சு. அழுத்தக் குப்பியென்றால் மெதுவாக, நான்கைந்து வினாடி நீளமாக இழுக்க வேண்டும். இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், பிறகு பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். பொடி இன்ஹேலர் என்றால் நேர்மாறு: எடுத்த எடுப்பிலேயே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், ஏனென்றால் பொடியை உடைத்துத் துகளாக்கும் விசையே நோயாளியின் மூச்சுதான். டர்புஹேலர் போன்ற கருவியில் இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டரிலிருந்து 30க்கு இறங்கினால் நுரையீரலில் சேரும் மருந்து ஏறத்தாழப் பாதியாகிவிடும். மூச்சு மிகவும் குறைந்திருப்பவருக்கு, அதாவது மருந்து மிகவும் தேவைப்படுபவருக்கு, அளவு அங்கே குறைகிறது. அவசரத்துக்கு அழுத்தக் குப்பி, தினசரிக்குப் பொடி என்று ஒரே சீட்டில் இரண்டையும் எழுதித் தருவது நம் நாட்டில் வாடிக்கை. இரண்டுக்கும் இழுக்கும் முறை எதிரெதிர் என்பதை நின்று சொல்பவர் எத்தனை பேர்? பொடி இன்ஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய ரோட்டாகேப் குளிகையைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்கள் உண்டு. அது நோயாளியின் அறியாமை அல்ல, சொல்லித் தராதவரின் குற்றம்.

1975 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இன்ஹேலர் முறையைக் கணக்கிட்ட ஆய்வறிக்கை 2016இல் வந்தது. சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 சதவீதம். நாற்பது ஆண்டுகளில் இந்த எண் முன்னேறவில்லை என்பதுதான் அதில் கொடிய செய்தி. அந்த நாற்பது ஆண்டுகளில்தான் அழுத்தும் வாயு மாறியது, பொடிக் கருவிகள் பெருகின, எண்ணிகள் வந்தன. கருவி வளர்ந்தது, கை வளரவில்லை. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர்களின் செய்முறையைத் தொகுத்த இன்னோர் ஆய்வில் முழுதும் சரியாகச் செய்தவர்கள் ஆறில் ஒருவருக்கும் குறைவு. கற்றுத்தர வேண்டியவருக்கே தெரியாதபோது செயலி எதைத் திருத்தும்?

வெளியே மாட்டும் சென்சார்களில் பல, குப்பி அழுந்தியதை மட்டுமே பதிவு செய்கின்றன. காற்றில் அழுத்தினாலும் அதுவும் ஒரு பஃப். மூச்சின் வேகத்தையும் அளக்கும் கருவிகள் வந்தது உண்மை. டேவா நிறுவனத்தின் டிஜிஹேலருக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்தது. 2024இல் நிறுவனமே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அந்தக் கருவியை நம்பிப் பழகியவர்கள் மறுபடியும் வேறொன்றைக் கற்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் மலிவான தீர்வு கையருகே இருக்கிறது. ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடு பீய்ச்சலின் வேகத்தைத் தணித்து, பெரிய துகள்களைத் தன் சுவரிலேயே பிடித்துக்கொள்கிறது. கையும் மூச்சும் ஒரே நொடியில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் பெருமளவு தளர்கிறது. ஒரு பஃப் அழுத்தி, மூச்சிழுத்து, பிறகே அடுத்த பஃப். சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் உலரவிட்டால், மருந்தைச் சுவரில் இழுத்து ஒட்டவைக்கும் நிலைமின்னூட்டமும் குறையும். தென்னாப்பிரிக்காவில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கியதற்கு இணையாகப் பிள்ளைகளின் மூச்சுத் திணறலைத் தணித்தது என்று 1999லேயே காட்டினார்கள். லாபம் பெரிதாக இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் மாநாடு கூட்டுவதில்லை என்பதைத் தவிர, ஸ்பேசர் இன்னும் பல நோயாளிகளின் வீட்டுக்குப் போகாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் புதிய கருவிக்கும் நான் எதிரியில்லை. ஆனால் நோயாளி இழுப்பதைக் கண்ணால் பார்க்காமல் எழுதித்தரும் மருந்தளவை அளவு என்று ஏற்க என்னால் முடியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள், தவறைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் கருவியை மாற்றித் தந்தால், அதை இழுக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள்.