வர்ணப் பெட்டியும் வகுப்பறையும்

அண்மையில் வடபுலத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலுள்ள ஆரம்பப் பாடசாலையின் சித்திரக் கண்காட்சியைப் பார்வையிடும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றாந் தரத்துப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரின் ஆக்கங்கள் ஒரு சுவரை நிறைத்திருந்தன. முப்பத்தாறிலும் இரண்டு மலைகள்; மலைகளுக்கு இடையே எழுஞாயிறு; இடப்புறம் ஒரு தென்னை; வலப்புறம் ஓட்டு வீடு. அப்பிள்ளைகளுட் பலர் மலையைக் கண்ணாற் கண்டிரார். கடற்றொழிலாளரின் மக்களாகிய அவர்களின் சுவரில் ஒரு வள்ளமேனும் ஒரு வலையேனும் இல்லை. தாளுக்குத் தாள் தெரிந்த வேறுபாடு ஒன்றே: சிலவற்றில் விலையுயர்ந்த பஸ்டலின் பளபளப்பு, சிலவற்றில் வெறும் பென்சிற் கோடு. பரிசு பெற்றவை முன்னவையே.

இதனை ஓர் ஆசிரியரின் திறமைக் குறைவு என்று தள்ளிவிடுதல் தகாது. அவர் திட்டமிட்டே செயற்பட்டிருக்கிறார். கரும்பலகையில் மாதிரியை வரைந்து முடிவை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். அம்முடிவை எதைக்கொண்டு எட்டுவது என்பதைப் பெற்றோரின் பணப்பைக்கு விட்டுவிட்டார். சிறுவருக்கான கலைச் செயற்பாட்டைத் திட்டமிடுவோர் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது என்பதே நமது வாதம். பொருளையும் வினாவையும் ஆசிரியர் வரையறுக்கட்டும்; முடிவு பிள்ளையினுடையதாக இருக்கட்டும்.

மாதிரியைப் பார்த்து வரைவிக்கும் முறை ஒன்றும் நமது மரபன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கைத்தொழிலுக்கு, வேலைப்பாட்டைப் பிசகின்றிப் பிரதி செய்யும் கைகள் தேவைப்பட்டன. அதற்கென இலண்டனில் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட சித்திரப் பாடமுறை குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று. ஆலைகள் நமக்கு அதிகம் வரவில்லை. பிரதி செய்யும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு மாற்றாகச் சிலர் ‘பிள்ளையைச் சுதந்திரமாக விடுங்கள்’ என்பர். 1897இல் வியன்னாவில் சிறுவர் சித்திர வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் இக்கொள்கையின் முன்னோடி. சிறுவரின் ஆக்கத்தைக் கலையாக மதிக்க உலகுக்குக் கற்பித்தவர் என்ற வகையில் அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் ஆசிரியர் தலையிடாததாகக் கூறப்பட்ட அவ்வகுப்பின் படங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தமையை அமெரிக்க அழகியலாளர் தோமஸ் மன்றோ சுட்டிக்காட்டினார். திட்டமின்மை சுதந்திரமாகாது. வெறுந்தாளைக் கொடுத்து ‘விரும்பியதை வரை’ எனில், பிள்ளை வரைவது பெரும்பாலும் தொலைக்காட்சியிற் கண்ட கேலிச்சித்திரத்தையே. அதுவும் பிரதிதான், கரும்பலகை மட்டுமே மாறியிருக்கிறது.

முன்னர் மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் கண்ட படம் இன்றும் நினைவிலுள்ளது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாயை வரைந்திருந்தாள். தாயின் முதுகிற் கொழுந்துக் கூடை. கூடையோ பின்னாலுள்ள லயத்தினும் பெரிது. லயத்தின் சுவரூடாக அடுப்பும் தொட்டிலும் தெரிந்தன. ‘அளவு பிழை’ எனச் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. விக்டர் லோவன்பெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், ஏழு முதல் ஒன்பது வயதுவரையிலான பருவத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். அப்பருவத்துப் பிள்ளை தனக்கு முக்கியமானதைப் பெரிதாக வரையும். தான் அறிந்ததைச் சுவர் மறைத்தாலும் உள்ளே காட்டும். அச்சிறுமியின் அளவு பிழையன்று. அக்கூடையின் பாரத்தை அவள் அளந்திருந்தாள், அவ்வளவே.

‘பொருளில்லை, வசதியில்லை’ என்போருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். 1898இல் வியன்னாவிற் பிறந்த பிரீடல் டிக்கர்-பிரண்டைஸ், வைமார் நகரின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் யோஹன்னஸ் இற்றனிடம் பயின்றவர். கம்யூனிஸ்ட் இயக்கத்திற் பங்குகொண்டு சிறைப்பட்டவர். 1942 டிசம்பரில் நாசிகள் அவரைச் செக் மண்ணிலுள்ள தெரசின் தடுப்பிடத்துக்குக் கொண்டுசென்றனர். அங்கு அடைபட்டிருந்த யூதச் சிறுவருக்கு அவர் சித்திரம் கற்பித்தார். பாவித்துக் கழித்த அலுவலகப் படிவங்களே தாள். அவற்றைக் கிழித்து ஒட்டியும் படம் செய்தனர். வகுப்புகளோ கண்டிப்பான திட்டமுடையவை: கோட்டின் இலயத்துக்கு ஒரு பயிற்சி, பொருளொன்றை உற்று நோக்க ஒரு பயிற்சி. பேரோவியரின் படங்களைப் பார்த்துச் செய்யும் பயிற்சியுங்கூட இருந்தது. பார்த்துச் செய்தல் தன்னளவிற் குற்றமன்று என்பதை இங்கு நானும் ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன். அப்படத்திலிருந்து எதை எடுப்பது என்பதைப் பிள்ளை தெரிவுசெய்ததா என்பதே கேள்வி. ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுதவேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். இலக்கங்களாக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 1944 ஒக்டோபரில் அவர் அவுஸ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். இரு பெட்டிகளில் மறைத்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சின. வரைந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர் எஞ்சவில்லை.

நமது கடற்கரைப் பாடசாலையில் மலைக்குப் பதிலாக ‘அப்பா கரைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்?’ என்று கேட்டிருக்கலாம். அடுப்புக் கரி, செங்கற்றூள், மஞ்சள், பழைய பத்திரிகைத் தாள், வலைத்துண்டு ஆகியவற்றை வகுப்புக்கே பொதுவாக நடுவில் வைத்து, ‘இவற்றை மட்டுமே பயன்படுத்துங்கள்’ என்றிருக்கலாம். அப்போது சுவரில் முப்பத்தாறு தந்தையர் தோன்றியிருப்பர். கடலிலிருந்து திரும்பாத தந்தையும் தோன்றியிருக்கக்கூடும். அப்படத்தின் முன் ஆசிரியர் என்ன சொல்வது என்பதையும் திட்டத்திற் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும். நிறையழகை மட்டும் புகழ்ந்து கடந்துபோக அப்போது முடியாது.

ஆசிரியரின் மறுமொழியை நான் அறிவேன். வகுப்பிலோ நெருக்கடி, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் மூன்றாந் தரத்திலேயே விழுகிறது, அதிபருக்கு வேண்டியது விருந்தினர் பார்க்கத் துப்புரவான சுவர். இவை பொய்யல்ல. ஆகவே கோரிக்கை ஆசிரியரோடு மட்டும் நின்றுவிடலாகாது. இந்நாட்டில் 1980 முதல் பாடநூல் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் வழங்கப்படலாயிற்று. சித்திரத் தாளும் வர்ணமுமோ நான் கண்ட பாடசாலைகளிற் பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பாகவே உள்ளன. அவை வகுப்பின் பொதுச் சொத்தாக வழங்கப்படும்வரை, கண்காட்சிகளிற் பரிசு வழங்குவதையேனும் நிறுத்திவைக்குமாறு ஆசிரியர் சங்கங்கள் கேட்கலாம். அதற்குச் சுற்றுநிருபம் எதுவும் தேவைப்படாது.