பில்லுக்கு முன்பே கணக்கு: எல்லையோர வீடுகளில் ஒரு மின் கண்காணிப்புக் கருவி

கேரளத்தில் வீட்டுக் கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மீட்டர் ரீடர் கையில் உள்ள மெஷினில் அடித்துக் கொடுக்கும் சீட்டில் மொத்த யூனிட் இருக்கும், தொகை இருக்கும், கட்ட வேண்டிய தேதி இருக்கும். எந்தச் சாதனம் எவ்வளவு இழுத்தது என்ற விவரம் இருக்காது. அது தெரியாமல் சிக்கனம் பிடிக்க நினைப்பவர்கள் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு கீசரை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே யூனிட் எல்லை தாண்டினால் அடி பலமாக விழும். 2025 ஏப்ரல் முதல் உள்ள கட்டணப்படி, மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம்: முதல் 50 யூனிட் 3.35 ரூபாய், பிறகு 4.25, 5.35, 7.20, கடைசி 50 யூனிட்டுக்கு 8.50. 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் படிகள் போய்விடும். 300 வரை எல்லா யூனிட்டுக்கும் 6.75 ரூபாய். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் மின்சாரத்துக்கு மட்டும் 2,865 ரூபாய். 502 யூனிட் ஓடினால் 3,388 ரூபாய். கடைசி இரண்டு யூனிட்டின் விலை 520 ரூபாய்க்கு மேல். நிலைக்கட்டணமும் வரியும் தனி. பொள்ளாச்சியிலோ போடியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தச் சலுகை இல்லை. கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்காக ஒரு கண்காணிப்புக் கருவியைப் பாலக்காட்டுச் சமவெளியில் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வீட்டிலும், இடுக்கி மலையில் மறையூரில் அக்கா வீட்டிலும் பொருத்திப் பார்த்தேன். ஒரே மின்வாரியம், ஒரே கட்டணம். தட்பவெப்பம் மட்டும் நேர் எதிர்.

கருவி என்ன?

பிஜெம்-004டி என்ற சிறிய அளவீட்டுப் பலகை, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சில்லு, வயரைச் சுற்றிக் கவ்வும் ஒரு சிடி வளையம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். 100 ஆம்பியர் வரை தாங்கும். வோல்டேஜ், கரண்டு, வாட், யூனிட், பவர் ஃபேக்டர், அதிர்வெண் ஆகிய ஆறையும் சொல்லும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளோடு இணைத்தால் போனில் வரைபடமாகப் பார்க்கலாம். சாதனங்களின் பெயரை ‘மோட்டார்’, ‘ஏசி’, ‘கீசர்’ என்று தமிழிலேயே எழுதி வைத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே பார்க்கிறார்.

பொருத்துவது வயர்மேன் வேலை. லைசென்ஸ் உள்ளவரை வைத்தே செய்யுங்கள். மின்வாரிய மீட்டரின் சீலைத் தொடக்கூடாது. மெயின் சுவிட்சுக்கும் ஈஎல்சிபிக்கும் பிறகு, நம் டிபி பெட்டிக்குள் பேஸ் வயரில் மட்டும் வளையத்தை மாட்ட வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து வளையத்துக்குள் போனால் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். வோல்டேஜ் அளக்கும் இணைப்புக்குத் தனியாக ஒரு 6 ஆம்பியர் எம்சிபி வையுங்கள். த்ரீ பேஸ் வீடென்றால் மூன்று பலகைகள் வேண்டும்.

அளவு சரிதானா என்பதை மின்வாரிய மீட்டரின் சிவப்பு விளக்கை வைத்தே சோதித்தேன். மீட்டரின் முகப்பில் 3200 இம்ப் என்று அச்சிட்டிருந்தால், அந்த விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பார்த்து, 1,125-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைக்கும். விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 1,125 வாட். ஒன்பது விநாடிக்கு ஒருமுறை என்றால் 125 வாட். இரண்டு வீட்டிலும் கருவி அதையொட்டியே காட்டியது. காசு செலவழிக்க விரும்பாதவர்கள் போனில் உள்ள ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு இதை மட்டுமாவது இன்றிரவே செய்து பார்க்கலாம்.

கொழிஞ்சாம்பாறை: ஏசியும் மோட்டாரும்

ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஒன்றரை டன் இன்வெர்டர் ஏசி தொடங்கும்போது 1,500 வாட்டுக்கு மேல் இழுத்து, அறை குளிர்ந்ததும் 500 வாட்டுக்கு இறங்குகிறது. 22 டிகிரியில் வைத்த இரவுகளில் அந்த இறக்கம் வரவே வெகுநேரம் ஆனது. 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டபோது விரைவில் இறங்கி, விடியும்வரை அப்படியே இருந்தது. கூடவே ஓடும் பழைய ஃபேன் 75 வாட் எடுக்கிறது. பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டைத் தாண்டுவதில்லை. பாலக்காட்டில் ஃபேன் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடும் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் கருவி தன் விலையை மீட்டது மோட்டாரில்தான். போர்வெல்லில் ஒரு குதிரைத்திறன் மோட்டார். டேங்கில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச். வரைபடத்தில் இரவு இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும் நேரத்தில், 1,100 வாட்டுக்கு ஒரு முள் எழுந்து பத்து நிமிடத்தில் விழுந்தது. அடுத்தடுத்த இரவுகளிலும் அப்படியே, பகலிலும் அவ்வப்போது. தேடிப் பார்த்தால் பின்பக்கக் கழிவறையின் ஃப்ளஷ் டேங்க் வால்வு சத்தமே இல்லாமல் கசிந்துகொண்டிருந்தது. நாளுக்கு முக்கால் யூனிட் வீதம், இரண்டு மாதத்தில் 45 யூனிட். கடைசிப் படியின் விலையில் 380 ரூபாய். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. இங்கே அந்தக் காசைவிட வீணாய்ப் போன நிலத்தடி நீருக்காகத்தான் மனம் வேதனைப்பட்டது. வால்வு மாற்றிய அன்றிரவே அந்த முள் காணாமல் போனது.

மறையூர்: கீசர்

அக்கா வீட்டில் ஏசி இல்லை, ஃபேன்கூட அதிகம் ஓடுவதில்லை. பில்லைத் தூக்குவது கீசர். 15 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். 2,000 வாட் கீசருக்கு அது 17 நிமிட வேலை. ஸ்விட்சை அணைக்காமல் விட்டால், யாரும் குளிக்காத மதியத்திலும் டேங்க் ஆறஆறத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சின்னச் சின்ன முட்களை வரைபடத்தில் காட்டியதும் மச்சான் அன்றே பேசி, குளிக்கும் முன் போட்டுக் குளித்ததும் அணைப்பது என்று வீட்டில் வழக்கமாக்கிவிட்டார்.

வோல்டேஜ் எண்ணும் மலையில் பயன்படுகிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் கீசர், 200 வோல்ட்டில் 1,500 வாட்தான் தரும். தண்ணீர் சூடாக நேரம் கூடும். லைனின் கடைசி முனையில் இருக்கும் வீடுகள், ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் தேவையா என்பதை யூகத்தில் இல்லாமல் ஒரு வாரத்து வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

குறைகள்

மொத்த லோடைத்தான் இது அளக்கும்; எந்த முள் எந்தச் சாதனம் என்று நாம்தான் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏசி, கீசர் இரண்டுக்கும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வைத்தால் அந்த வேலை குறையும். கரண்டு போனால் வைஃபையும் போய் வரைபடத்தில் இடைவெளி விழும். யூனிட் கணக்கு மட்டும் பலகையின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். கூரையில் சோலார் வைத்த வீடுகளுக்கு இந்தப் பலகை வேண்டாம். மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று இதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இருதிசையும் அளக்கும் கருவியை வாங்குங்கள். இதன் கணக்கை வைத்து மின்வாரியத்திடம் பில்லை மாற்றச் சொல்லவும் முடியாது. இன்னொன்று: வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதை இந்த வரைபடம் அப்படியே காட்டிக்கொடுக்கும். எனவே விவரங்களை வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பும் ஆப்பைவிட, வீட்டுக்குள்ளேயே சேமிக்கும் அமைப்பே நல்லது.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால்?

மத்திய அரசு சொன்ன தனியார் முதலீட்டு முறையைக் கேரளம் ஏற்கவில்லை. மின்வாரியமே முதலீடு செய்யும் வழியில், முதற்கட்டமாக அரசு அலுவலகங்கள், உயர் அழுத்த இணைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 3 லட்சம் மீட்டர் என்று தொடங்கியிருக்கிறது. சாதாரண வீடுகளின் முறை பிறகுதான். ஆனால் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் ஓட்டும் வீடுகளுக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலுக்கு மாற்றினால் காசு மிஞ்சும். ஊருக்கும் நல்லது: 2024 மே தொடக்கத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை நெருங்கியது. மூலமற்றத்தில் உள்ள இடுக்கி மின்நிலையம் முழு மூச்சில் ஓடினாலும் 780 மெகாவாட்தான்.

ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும், அந்த விவரம் நுகர்வோருக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன 2023இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள். அது நல்ல தொடக்கம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஓடிய மோட்டாரை நாள் மொத்தம் காட்டிக்கொடுக்காது. பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டரோடு வீட்டுக்குள் வைக்கும் சிறு திரையையும் இலவசமாகத் தருகிறார்கள். நெதர்லாந்தில் மீட்டரிலேயே நுகர்வோருக்கென ஒரு துளை இருக்கிறது. கேபிளைச் செருகினால் சில விநாடிகளுக்கு ஒருமுறை கணக்கு வரும். நம் வீடுகளுக்கு வரும் மீட்டரிலும் அப்படியொரு வழி வேண்டும். தேவிகுளம், பீருமேடு, சித்தூர் போன்ற தமிழர் வாழும் தாலுக்காக்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தந்திருக்கிறது. மீட்டரின் ஆப்பும் தமிழில் பேசட்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கி முடித்த பிறகு மாற்றுவது எளிதல்ல.

வாங்கலாமா?

இரண்டு மாதத்துக்கு 400 முதல் 600 யூனிட் வரை ஓடும் வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம்; 480 யூனிட் ஆனதும் போனில் மணி அடிக்கும்படி வைத்தால், எல்லை தாண்டாமல் தப்பிய ஒரு பில்லே செலவில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். மாதம் நூறு யூனிட்டுக்குள் முடியும் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு இது தேவையில்லை. சிவப்பு விளக்குக் கணக்கே போதும். சொந்தமாகக் கட்டிப் பொருத்தப் பொறுமை இல்லாதவர்கள் ஆயத்தமாக வரும் கருவியை வாங்குங்கள். விலை சில மடங்கு கூடும், வேலை ஒன்றுதான். எதை வாங்கினாலும் முதல் வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல ஓட விடுங்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்த ஏழு நாள் வரைபடத்தைப் பாருங்கள். எந்த முள்ளுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லையோ, தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.