கூரையில் விழும் மழையும் வேரில் சேரும் உப்பும்

பசுமைக்குடில் போட்ட அன்றே அந்த நிலத்துக்கு மழை நின்றுபோகிறது. வெளியே ஐப்பசி அடைமழை கொட்டினாலும் உள்ளே பாத்தி காய்ந்துதான் கிடக்கும். அதனால் கூரையில் விழும் மழையைப் பிடித்துவைத்து, டைமர் மூலம் சொட்டுநீராகத் தானே பாய்ச்சும் ஏற்பாடு பலரையும் ஈர்க்கிறது. விற்பவர்கள் முதலில் சொல்வது ஆள்கூலி மிச்சத்தை. ஆரம்பாக்கத்தைப் பொறுத்தவரை பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் இது. கிழக்கே பழவேற்காடு ஏரியின் உவர்நீர். தெற்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. பிறகு அது பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. இந்தக் கரையோரத்தில் போர் போடுகிறவர், தண்ணீர் வந்த பிறகும் வாயில் ஊற்றிப் பார்க்காமல் நிம்மதி அடைவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர மீட்டர் குடில். சதுர மீட்டருக்கு நாளுக்கு 3 லிட்டர். 120 நாள் பயிர். மொத்தம் 3,60,000 லிட்டர். போர் தண்ணீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸ் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு. ஒரே போகத்தில் 450 கிலோவுக்கு மேல் உப்பு பாத்தியில் இறங்கிவிடும்! திறந்த வயலாக இருந்தால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். குடிலுக்குள் அது அங்கேயே தங்கி, டிரிப்பரைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். குடைமிளகாயின் இலை ஓரம் கருகும். மழைநீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தாலே உப்பும் பாதியாகிறது. போகம் முடிந்ததும் வெறும் மழைநீரைத் தாராளமாக விட்டுப் பாத்தியைக் கழுவவும் முடிகிறது. இந்த முறையை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சிக்கல் சேமிப்பில் தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர். கணக்குப்படி அந்தக் கூரையில் 11 லட்சம் லிட்டர் விழ வேண்டும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தாகம் எடுப்பதோ பங்குனி, சித்திரையில். மூன்று மாத மழையை மற்ற மாதங்களுக்குக் கொண்டுபோகத்தான் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் நான்கை வரிசையாக வைத்துவிட்டு மழைநீர்ப் பாசனம் என்று சொல்வது வீண். அது ஒன்றரை நாளுக்குக்கூட வராத தண்ணீர். பாதிக்குப் பாதி கலப்பதற்கே 2 லட்சம் லிட்டர் கொள்ளும், விரிப்பு போட்ட பண்ணைக்குட்டை வேண்டும். அதைத் திறந்து போட்டால் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் நான்கு மாதத்தில் 60 சென்டிமீட்டர் போய்விடும். மேலே நிழல்வலை கட்டினால் இழப்பு குறையும், பாசியும் குறையும்.

பிடிக்கும் தண்ணீரின் சுத்தத்தையும் பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. கோடை முழுக்கக் கூரையில் படியும் தூசி முதல் மழையில் இறங்கும். அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மணல் வடிகட்டியும் தட்டு வடிகட்டியும் இல்லாமல் டிரிப்பர் பிழைக்காது.

டைமரின் குறை மழைக்காலத்தில்தான் வெளிப்படுகிறது. கார்த்திகையில் நான்கு நாள் வெயிலே முகம் காட்டாதபோது செடி வழக்கமான தண்ணீரைக் குடிக்காது. டைமருக்கு அது தெரியாது. காலை ஆறு மணி என்றால் வால்வைத் திறந்துவிடும். வேர் அழுகலை நாமே வரவழைக்கிறோம். மண்ணின் ஈரத்தைக் காட்டும் டென்சியோமீட்டர் ஒன்றைப் பாத்தியில் நட்டு, அதைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைப்பவருக்கே டைமர் பயன்படும். இன்னொன்று: ட்ரம்மை ஆறடி ஸ்டாண்டில் ஏற்றினால் தானாக ஓடும் என்ற நம்பிக்கை. சாதாரண டிரிப்பருக்கு ஏறக்குறைய 10 மீட்டர் உயர அழுத்தம் தேவை. ஆறடியில் முதல் செடி குளிக்கும், கடைசிச் செடி வாடும். மோட்டார் இல்லாமல் முடியாது. மோட்டார் என்றால் கரண்டை நம்ப வேண்டும்.

சொட்டுநீர்க் கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. எனவே கைக்காசைக் குட்டை, கூரைக் கால்வாய், வடிகட்டி என்ற வரிசையில் செலவிடச் சொல்வேன். முதல் போகத்துக்கு வால்வைக் கையால் திறக்கட்டும். இந்தக் குடில் எந்த மாதம் எவ்வளவு குடிக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால், இரண்டாம் போகத்தில் வாங்கும் டைமருக்கு என்ன நேரம் வைப்பது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்காது.