பாய்ட் சகோதரிகளை நீர்வண்ணத்தில் நகலெடுக்கலாமா?

நீர்வண்ணத்தில் மனித உருவம் தீட்டப் பழகுகிறவர்களிடம், பழைய குடும்ப ஓவியம் ஒன்றை நகலெடுக்கச் சொல்வது வழக்கம். எந்த ஓவியத்தை, எதற்காக என்று கேட்காமல் அந்த அறிவுரையை எடைபோட முடியாது. ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1882-இல் தீட்டிய 'எட்வர்ட் டார்லி பாய்டின் மகள்கள்' ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இது, பக்கத்துக்கு 222 செ.மீ. வரும் சதுர எண்ணெய் ஓவியம்.

நகலெடுத்துத் தேறிய கைதான் இதைத் தீட்டியது. 1879-இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை சார்ஜென்ட் நகலெடுத்தார். பாய்ட் ஓவியத்தில், கூடத்தின் ஆழத்தில் இருட்டைத் தேக்கி, பிள்ளைகளை விலக்கி விலக்கி நிறுத்தும் துணிச்சலில் அந்தப் பயிற்சி தெரிகிறது. ஆனால் அவர் எண்ணெயை எண்ணெயில் நகலெடுத்தார். எண்ணெய் ஓவியத்தை நீர்வண்ணத்தில் நகலெடுப்பவருக்கு சார்ஜென்டின் தூரிகைத் தடத்தைப் பின்பற்ற வழியே இல்லை. இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் பயிற்சியின் முதல் லாபமாகப் படுகிறது.

இடப்பக்கம் கைகளைப் பின்னால் கட்டி நிற்கும் மகள் மேரி லூயிசாவின் வெள்ளை மேலங்கியைப் பாருங்கள். எண்ணெயில் இருட்டைப் போட்டபின் வெள்ளையை அதன்மேல் ஏற்றலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். அங்கியில் எந்த மடிப்பு வெறுந்தாளாக நிற்கும், எது நீர்த்த சாம்பல்நீலப் பூச்சுக்குள் போகும் என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நிழல் காய்ந்ததும் வெளிறிவிடும்; அதனால் தேவைக்கு ஒரு படி அழுத்தமாகவே போட வேண்டும். தோள் விளிம்பு எங்கே கூர்மையாக நிற்கும், எங்கே பின்புலத்தில் கரையும் என்பதற்கும் இதே முன்யோசனை வேண்டும். ஒளி, நிழல், விளிம்பு மூன்றையும் இவ்வளவு கறாராகப் பழக்கும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தோலின் நிறத்துக்கு இந்த நகல் உதவாது. நம் தாளில் ஒரு முகம் கட்டைவிரல் அகலம்தான் வரும். போதாததற்கு, நாம் பார்த்து நகலெடுக்கும் அச்சுப்படத்தின் சிவப்பை நம்பவும் முடியாது. அதற்கு சார்ஜென்டின் நீர்வண்ணங்களிடமே போக வேண்டும். அவற்றில் 83-ஐ 1909-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் மொத்தமாக வாங்கியது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஓவியத்தில் இன்னொரு மகள் ஃபுளோரன்ஸ் ஒரு ஜப்பானிய ஜாடியில் சாய்ந்து நிற்கிறாள். அவள் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை சார்ஜென்ட் நேரில் பார்த்து முடிவெடுத்துவிட்டார். நகலெடுப்பவர் அந்த முடிவை வாங்கிக்கொள்கிறார், தாமாக எடுப்பதில்லை. கட்டம் போட்டோ டிரேஸ் எடுத்தோ கோடுகளைத் தாளுக்கு மாற்றினால், அளவைக் கண்ணால் பிடிக்கும் சிறு பயிற்சியும் போய்விடும். சுவரில் மாட்ட அழகான படம் கிடைக்கும், உருவம் வரையும் திறமை வளராது.

ஆகவே முழு ஓவியத்தையும் நகலெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. வாரக்கணக்கில் நேரம் போகும். அதில் பெரும்பகுதியைப் பின்புல இருட்டே விழுங்கிவிடும். மேரி லூயிசாவை மட்டும், கண்ணளவில், பென்சில் கோடு குறைவாக வைத்து, இரண்டு மூன்று முறை தீட்டுவது நல்ல பாடம். அதோடு அச்சுப்படத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளை ஒன்றை வெள்ளைச் சட்டையில் ஜன்னலோரம் நிற்கவைத்து அதே அளவில் தீட்ட வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யப்போவதில்லை என்றால் முதலாவதைத் தொடங்கவே வேண்டாம்.