மெருகும் மைக்ரானும்

ஆடிக் காற்று திருச்சிக்குள் நுழையும்போது காவிரி, கொள்ளிடம் இரண்டின் மணலிலும் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டுதான் வரும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதிகளில் திண்ணை வைத்துக் கட்டிய பழைய வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது. வண்டிகள் தெருவோரமே நிற்கின்றன. மணலும் அவற்றின் மேலேயே படிகிறது. காலையில் வண்டியை எடுக்குமுன் உரிமையாளரோ டிரைவரோ செய்கிற முதல் வேலை, ஒரு பழைய பனியன் துணியால் அந்தத் தூசியை வறட்டுத் துடைப்பாகத் துடைப்பது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. கார் பெயின்ட் அதன் அருகில்கூட வராது. இப்படி நாலைந்து வருஷம் துடைத்தபின் வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் ஓடும். நிழலில் பார்த்தால் கீறல் தெரியாது, நிறம்தான் மங்கித் தெரியும். "வண்டி டல்லடிச்சுப் போச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி, டிங்கரிங் பட்டறையில் விட்டுக் 'கட்டிங் பாலிஷ்' போடுவது. இப்போது தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை பாலிஷிங் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்கலாம். மெஷின், பஞ்சுப் பேடுகள், காம்பவுண்ட் பாட்டில் எல்லாம் கூரியரில் வந்துவிடுகின்றன. பட்டறையில் இரண்டு மூன்று தடவை கொடுக்கிற காசுக்குள் ஒரு சாதாரண செட் முடிந்துவிடும். இந்த வீட்டு வைத்தியம் நல்லதா? பெரும்பாலும் நல்லதுதான். அதன் ஆபத்து மட்டும், பலர் பயப்படுகிற இடத்தில் இல்லை.

முதலில் பளபளப்பு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய காரின் இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். நாம் தொட்டுப் பார்க்கிற அந்தக் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. கீறல் என்பது இந்த அடுக்கில் விழுந்த பள்ளம். பாலிஷ் போடும்போது அந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருகிறோம். தளம் சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது, கண்ணுக்கு மெருகாகத் தெரிகிறது. செயற்கை வைரக் கற்களைப் பட்டை தீட்டும் தொழிலைத் தலைமுறைகளாகக் குடிசைத் தொழிலாக நடத்திய ஊருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை: கல்லில் ஒளி கூடக் கூட எடை குறையும்.

பட்டறைப் பழக்கம் வேறொரு காலத்துப் பெயின்டில் உருவானது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய வெள்ளை மாருதி 800 ஆகியவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. 1920களில் அமெரிக்காவில் டூபான்ட் கொண்டுவந்த 'டூகோ' என்ற பெயர் நம்மூர்ப் பெயின்டர் வாயில் இன்றும் 'டூகோ பெயின்ட்' என்று புழங்குகிறது. அந்த ஒற்றைப் பூச்சு வெயிலில் வெளுக்கும், சிவப்பு ரோஸாகும். மேல் தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் காத்திருக்கும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. பானட்டில் ஒட்டியிருந்த நாமம் ஸ்டிக்கரை உரித்தால், அடியில் நாமத்தின் வடிவத்திலேயே வண்டியின் பழைய நிறம் கிடைக்கும். ரப்பிங் காம்பவுண்டை அழுத்தித் தேய்த்த அந்தக் கால வேலை, அந்தப் பெயின்டுக்குச் சரியான வேலை. அதே கையும் அதே கம்பளிப் பேடும் கிளியர் கோட் வந்தபிறகும் தொடர்ந்ததுதான் சிக்கல். பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால் பத்மினியில் அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். இன்றைய காரில் அதற்கு ஒரே பொருள், கிளியர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்பது. அந்த நொடியில் மெஷினை அணைப்பது தவிர வேறு வழியில்லை.

வீட்டில் செய்பவருக்குச் சாதகமாக இருப்பது மெஷினில் வந்த மாற்றம். பட்டறையில் ஓடுவது பெரும்பாலும் ரோட்டரி வகை. பேடு ஒரே அச்சில் சுழலும்; எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றால் சூடு ஏறிப் பெயின்ட் வெந்துவிடும். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். முதலில் போவதும் அங்கேதான். இப்போது வீடுகளுக்கு வாங்கப்படுவது டூயல் ஆக்ஷன் வகை. இதில் பேடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டத்தில் அலையவும் செய்யும். அந்த அலைவு 8 மில்லிமீட்டரிலிருந்து, இத்தாலியின் ரூபெஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய மெஷின்களில் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். சாதாரண டூயல் ஆக்ஷன் மெஷினில் அழுத்தம் அதிகமானாலோ விளிம்பில் சாய்ந்தாலோ சுழற்சி தானே நின்று, வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். கற்றுக்குட்டியின் தவறை மெஷினே பாதி தடுத்துவிடுகிறது. பேடு மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் சுழல்கிறதா, வெறுமனே நடுங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். பயந்துகொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். ஆங்கிள் கிரைண்டரில் பேடு மாட்டிப் பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளலாம். அதன் வேகம் இந்த வேலைக்கானதே அல்ல.

இதற்காகப் பழைய பெயின்டரைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. தகட்டைப் புறங்கையால் தொட்டே சூட்டைக் கணிக்கிறவர்கள் அவர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கதவை எமரித் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரோட்டரியால் ஒரு மணி நேரத்தில் கண்ணாடியாக்குவது அவர்களுக்குச் சாதாரணம். டூயல் ஆக்ஷன் மெஷினோடு வீட்டில் உட்காருகிறவருக்கு ஒரு சின்னக் காரை முடிக்கவே முழு நாள் போகும். இரண்டு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. விரல் நகம் மாட்டுகிற ஆழக் கீறல் இருந்தால் வீட்டு மெஷின் அதை மழுக்கலாமே தவிர நீக்கக் கூடாது. நீக்குகிற அளவுக்குத் தேய்த்தால் அந்த இடத்தில் பூச்சே மிஞ்சாது.

திருச்சியின் வெயிலும் தண்ணீரும் இந்த வேலையில் தனி எதிரிகள். சித்திரை வெயிலில் நின்ற பானட் மேல் கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் காம்பவுண்ட் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும். அந்த மாவே புதிதாகக் கீறும். நிழலும் ஆறிய தகடும் இல்லாமல் தொடங்கவே கூடாது. தண்ணீர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கம்பரசம்பேட்டையிலிருந்து வருகிற காவிரித் தண்ணீரைக் குடிக்கப் பிடித்துவைத்துவிட்டு, காரை போர்த் தண்ணீரில் கழுவுவதுதான் பல வீடுகளின் வழக்கம். உப்புத் தண்ணீர் வெயிலில் காயும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் வட்ட வட்டக் கறையாகத் தங்கிவிடும். நாள்பட்டால் அது பூச்சையே அரித்துப் பள்ளமாக்கும். அப்படிப்பட்ட கறையைப் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, மறுபடி அதே போர்த் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விடுகிறவர் செய்வது வீண் வேலை.

வீட்டுப் பாலிஷுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது நாணயம். மலிவான பாலிஷ்கள் பலவற்றில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலை அடைத்து மறைக்கும். வண்டியை எடுக்கும்போது புதுசாகத் தெரியும்; நாலு தடவை வாட்டர் சர்வீஸ் போனதும் பழைய வலை திரும்பிவிடும். தன் காருக்குத் தானே பாலிஷ் போடுகிறவருக்கு இந்த மாயம் தேவையில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், போனது எது, மறைந்தது எது என்று அவரே தெரிந்துகொள்வார். ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை மட்டும் முதலில் செய்து பார்த்து, மென்மையான பேடே போதும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்கிற பொறுமையும் அவரிடம்தான் இருக்கும். மணிக்கணக்கில் கூலி பார்க்கிற கடையில் அதை எதிர்பார்க்க முடியாது.

பிறகு ஆபத்து எங்கே? மெஷின் சொந்தமாக வீட்டில் இருப்பதில்தான்.

ஒருமுறை கடினமான காம்பவுண்ட் போட்டால் ஓரிரு மைக்ரான் போகும்; கை கொஞ்சம் அழுத்தமானால் அதற்கு மேலும் போகும். நாற்பது மைக்ரானில் இது பெரிதா என்று தோன்றும். ஆனால் அந்த நாற்பதையும் செலவழிக்க முடியாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அடுக்கு மெலிந்தால் காவலும் மெலியும். திருச்சி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பட்டறைக்குப் போக அலுப்புப்பட்டே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டவர், மெஷின் வந்தபிறகு ஆயுத பூஜைக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று போடத் தொடங்குகிறார். பூஜையன்று பானட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து கறையானால் அதற்கும் ஒரு ஓட்டு. ஐந்து வருஷத்தில் கணக்குப் போட்டால், மணல் செய்ததைவிட மெருகு அதிகம் தின்றிருக்கும்.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை வேறு இடத்தில் படித்திருக்கிறது. கோயில் திருப்பணிகளில் கல் தூண்களையும் சுவர்களையும் மணல் வீச்சு முறையில் 'சுத்தம்' செய்தபோது, அழுக்கோடு சிற்பங்களின் நுணுக்கமும் கல்வெட்டு எழுத்துகளின் ஆழமும் சேர்ந்தே போயின. ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தபின் அந்த முறைக்குத் தடை வந்தது. 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ள ஸ்ரீரங்கம் கோயிலோ, பழமையைக் காத்துச் செய்த திருப்பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. கல்வெட்டோடு காரை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கம் என்று தோன்றலாம். இரண்டிலும் தேய்ந்தது திரும்பாது என்பது மட்டும் பொது.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கலாமே என்றால், பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைக்கிறது. ஆனால் சாதாரண மீட்டர் நான்கு அடுக்கின் மொத்தத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. ஒரு பலன் உண்டு: பக்கத்துக் கதவுகளில் 120 காட்டுகிற மீட்டர் ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால், அந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடித்தது என்று தெரிந்துவிடும். பழைய கார் வாங்குகிறவருக்கு அந்தத் தகவல் மெருகைவிட மதிப்பானது.

பாலிஷால் தீராத நோய்களும் இருக்கின்றன. மேற்கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்தால் கிளியர் கோட் செத்துவிட்டது என்று பொருள், அதற்கு மறுபெயின்ட்தான். மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தேய்த்தால் ஒரே நாளில் தெளிந்துவிடும். ஆனால் பாலிகார்பனேட்டின் மேலிருந்த பாதுகாப்புப் பூச்சும் அதோடு போயிருக்கும். புதிதாகப் பூசாவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். பாலிஷுக்குப் பின் விற்கப்படும் செராமிக் கோட்டிங் டப்பாக்களில் '9எச்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற அளவுகோலில் 9எச். மோஸ் அளவின் 9 அல்ல. காவிரி மணல் அதையும் கீறும். தண்ணீர் ஒட்டாமல் வழியவும் கழுவுவது எளிதாகவும் அது உதவும், அவ்வளவே.

ஆகவே மெஷின் வாங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியவை இரண்டு வாளி, நல்ல கார் ஷாம்பு, நாலைந்து மைக்ரோஃபைபர் துணி. பனியன் துணியை விட்டுவிட்டு, தூசியைத் தண்ணீர் அடித்து இறக்கியபின்பே கை வைக்கிற பழக்கம் ஆறு மாதம் நிலைத்தால் மெஷினை வாங்கலாம். வாங்கினால் பழைய இரும்புக் கடையில் ஒரு கார்க் கதவை எடைக்கு வாங்கி அதில் பழகிக்கொள்வது நல்லது. சொந்த வண்டியில் தொடங்க மார்கழி, தை மாதக் காலைகள் தோதானவை. அப்போதுதான் திருச்சியில் தகடு நன்றாக ஆறியிருக்கும். காம்பவுண்ட் ஒருமுறை போட்டால் அடுத்த சில வருஷங்களுக்கு அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம். இடையில் வேக்ஸ் போதும்.