சாந்தி மந்திரத்தின் இருமை எண்ணும் தமிழாக்கமும்

தைத்திரீய உபநிடதத்தின் இரண்டாம் வல்லி, பாடம் தொடங்குமுன் ஓதப்படும் சாந்தி மந்திரத்தோடு தொடங்குகிறது. இறைக்காப்பு, ஒருங்கே முயலும் ஆற்றல், கற்றது ஒளிபெறுதல், பகையின்மை ஆகியன அதில் வேண்டப்படுகின்றன. வேண்டுவோர் ஆசிரியரும் மாணவரும் ஆகிய இருவர். ‘நௌ’ என்னும் மூவிடப்பெயர் வடிவமும், ‘கரவாவஹை’, ‘வித்விஷாவஹை’ என்னும் வினைமுற்றுகளும் இருமை எண்ணில் நின்று இதனைக் காட்டுகின்றன. சங்கரரின் உரையும் அவ்வாறே பொருள் கொள்கிறது.

தமிழில் இருமை எண் இல்லை. இம்மந்திரத்தைத் தமிழாக்கும்போது ‘இறைவா, எங்களைக் காப்பாயாக’ என்னும் அமைப்பு இயல்பாகவே முந்தி வருகிறது. வேண்டுதல் என்றால் விளி வேண்டும் என்னும் பழக்கமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் இதனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, இருவர் பலராகின்றனர். மற்றொன்று, மூலத்தின் ‘அவது’ என்னும் படர்க்கை வினை முன்னிலையாகிறது. கேட்போர் இடத்தை இறைவன் பெற, ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் நோக்கிக் கூறும் நிலை மறைகிறது.

இவ்விழப்பை ஈடுசெய்யும் வழி தமிழிலேயே உண்டு. முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு வடமொழியில் இல்லை. படர்க்கையை மாற்றாமல் ‘நம் இருவரையும் காக்க’ என வியங்கோளில் அமைத்தால் எண்ணும் உறவும் ஒருங்கே நிற்கும். பகையின்மை வேண்டும் இறுதிப் பகுதி அவ்விருவருக்கும் இடைப்பட்டது. அங்கு ‘நாங்கள்’ எனப் பெயர்த்தால், அது பிறரைப் பகையாமை எனத் திரிந்துவிடக்கூடும்.