பனி சரிவதற்கு முன்

ரூபன் ஆஸ்ட்லண்டின் ‘ஃபோர்ஸ் மஜூர்’ (2014) படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு பனிச்சறுக்கு விடுதி, திறந்த மாடியில் மதியச் சாப்பாடு. எதிர் மலையிலிருந்து பனி புரண்டு வருகிறது. அம்மா குழந்தைகளை அணைத்துக்கொள்கிறாள். அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். வந்து சேர்ந்தது வெறும் பனிப்புகை. யாருக்கும் அடிபடவில்லை, குடும்பம்தான் உடைகிறது.

நல்ல படம். ஆனால் ஒரு மனிதனை அந்தப் பத்து விநாடியில் வைத்து எடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பனி அப்படி வேலை செய்வதில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் லாரியில் கொட்டிய மணலும் நிலக்கரியும் பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்திருப்போம். ஆளைக் கொல்லும் பனி பெரும்பாலும் அப்படி உதிராது, பலகையாகக் கழன்று வரும். மேலே காற்று இறுக்கிய புதுப்பனி, அடியில் பிடிப்பில்லாத ஓர் அடுக்கு, 30 முதல் 45 டிகிரி சரிவு. இவை சேர்ந்துவிட்டால் ஓர் ஆளின் எடையே போதும். மலைக்குப் பொழுதுபோக்காகப் போய்ச் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், பனியைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் கஷ்டம். ஆக, முடிவு எடுக்கவேண்டிய நேரம் காலையிலேயே வந்து போய்விடுகிறது. எந்தச் சரிவு, எத்தனை பேர், இன்றைக்கா நாளைக்கா?

படத்தில் விட்டுவிட்டுக் கேட்கும் வெடிச்சத்தம் பனியைத் திட்டமிட்டு இறக்கும் வெடிகளுடையது. அந்த மதியம் வந்ததும் அப்படி இறக்கிய பனிதான். ஆள் நிறைந்த மாடிக்கு எதிரே வெடி வைத்தது யார்? படம் கேட்கவே இல்லை.

தலைப்போ ஒப்பந்தங்களில் வருகிற ஷரத்து: மனித சக்திக்கு மீறியது நடந்தால் நாங்கள் பொறுப்பல்ல. நம் ஊரில் இதற்கு ‘இயற்கையின் சீற்றம்’ என்று பெயர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி 29 பேரை இழந்தது. பெரும்பாலோர் மலையேற்றம் கற்கப் போனவர்கள். சீற்றம் என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தக் காலையைப் பற்றி யாரும் கேட்கவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதுவும் இப்படித்தான். மழை வானத்திலிருந்து வந்தது. எண்ணெய்யுமா?

படத்தின் கடைசிக் காட்சியைப் பலர் அம்மாவின் பதற்றம் என்று படிக்கிறார்கள். மலை வளைவுகளில் ஓட்டுநர் தடுமாற, அவள் பேருந்தை நிறுத்தி இறங்குகிறாள். ஒரு பெண்ணைத் தவிர எல்லோரும் பின்னாலேயே இறங்கி நடக்கிறார்கள். பேருந்து பத்திரமாகப் போய்விடுகிறது. அதனாலேயே அவள் செய்தது அசட்டுத்தனமாகத் தெரிகிறது. மலையில் சரியான நேரத்தில் திரும்பி வந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் தெரிவார்கள். எதுவும் நடந்திருக்காது, இல்லையா?